வீடும் சாலையும் அருகிருக்கும் வயலில் சுடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பயிரை அழிக்கும் முயலையும் புறாவையும் சுட அனுமதி கிடைக்கும் வயல்கள் பல, சாலையையோ வீட்டையோ ஒட்டியே இருக்கின்றன. அங்கே நேரும் தவறுகளில் முதலாவது, முயலை மட்டும் பார்த்துவிட்டு அதற்குப் பின்னால் இருப்பதைப் பார்க்காமல் விடுவது. முயல் சுடும் சிறு ரைபிளின் பாயின்ட் 22 ரிம்ஃபயர் குண்டு (0.22 அங்குல விட்டம்) ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. உயிர்வேலி கண்ணை மறைக்குமே தவிரக் குண்டைத் தடுக்காது. தடுப்பது மண் மட்டும்தான்.

மண் இருந்தாலும் கோணம் சரியாக இருக்க வேண்டும். சமதரையில் நின்று 1.5 மீட்டர் உயரத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கும் முயலைச் சுட்டால், குண்டு 2 பாகைக்கும் குறைவான சாய்வில் தரையைத் தொடும். தட்டைக் கல்லைக் குளத்து நீரில் வீசியது போல அது எகிறிப் போகும். பாயின்ட் 22 போன்ற வேகம் குறைந்த ஈயக் குண்டு உடையாமல் இருப்பதால், கல் கலந்த மண்ணிலும் பனியில் இறுகிய தரையிலும் தெறித்துத் திசை மாறுகிறது. அதைவிடச் சிறிய, வேகமான பாயின்ட் 17 எச்எம்ஆர் குண்டு எளிதில் சிதறிவிடும். தெறிப்பு குறையும், ஆனால் அறவே இல்லாமல் போகாது. மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிச் சுடுங்கள், அல்லது முயலுக்குப் பின்னால் செங்குத்தான மண்கரை வரும்படி இடம் மாறுங்கள். இரண்டும் வாய்க்காவிட்டால் அந்த முயலை விட்டுவிட வேண்டியதுதான்.

வண்டியின் பானெட்டிலோ மதில்மேலோ ரைபிளை வைத்துக் குறிபார்ப்பவர்கள் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், குழலுக்கு நாலைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. ஸ்கோப்பில் வழி தெளிவாகத் தெரியும்போதே குழலின் வாய்க்கு எதிரே பானெட்டின் விளிம்போ மதிலின் கல்லோ இருக்கக்கூடும். சுடுமுன் தலையைத் தூக்கிக் குழலின் போக்கை ஒருமுறை பாருங்கள்.

ஒரே வெடியில் பல சிறு ரவைகளை வீசும் ஷாட்கன்னின் ரவை 40 மீட்டரில் பயனற்றுப் போவதால் அங்கேயே நின்றுவிடும் என்று எண்ணுவதும் தவறு. மேல்நோக்கிச் சுட்ட 6ஆம் எண் ரவை சுமார் 200 மீட்டர் போகும். பருத்த 3ஆம் எண் ரவை 260 மீட்டரையும் தொடும். காற்று பின்னாலிருந்து வீசினால் இன்னும் கூடும். புறா சாலைப் பக்கம் பறந்தால் துப்பாக்கியைத் தூக்காதீர்கள்.

சட்டத்தில் அதிகம் குழப்புவது '50 அடி' விதி. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 161ஆம் பிரிவு, வண்டிகள் செல்லும் சாலையின் நடுவிலிருந்து 50 அடிக்குள் தக்க காரணமின்றிச் சுட்டு, அதனால் சாலையில் செல்பவருக்குக் காயமோ இடையூறோ ஆபத்தோ நேர்ந்தால் குற்றம் என்கிறது. 50 அடிக்குள் சுடவே கூடாது என்பதல்ல அதன் பொருள். 51ஆம் அடியில் சுட்டால் பாதுகாப்பு என்பதும் அல்ல. குதிரையில் வருபவரைப் பார்த்தால், அவர் எத்தனை தூரத்தில் இருந்தாலும், கடந்து போகும்வரை பொறுத்திருங்கள். வெடிச்சத்தத்தில் மிரளும் குதிரை ஆளைக் கீழே தள்ளிவிடும்.

1968ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டத்தின்படி, காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைபிளின் பெல்லட் (சிறு குண்டு) உங்கள் எல்லையைத் தாண்டி, அடுத்த நிலத்தாரின் சம்மதமின்றி அவர் நிலத்தில் விழுந்தாலே குற்றம். பொது நடைபாதையில் தக்க காரணமின்றித் தோட்டா ஏற்றிய ஷாட்கன்னுடன் நடப்பதும் குற்றம். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எல்லைகள் குறித்த வரைபடமும் அதனுடன் இருக்கட்டும். எந்தப் பறவையை எந்தக் காரணத்துக்காகச் சுடலாம் என்பதை, அரசு எல்லோருக்கும் பொதுவாக வெளியிடும் பொது உரிமங்கள் சொல்கின்றன. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அவை வேறு வேறு. விதிகள் மாறுவதால் நடப்பு உரிமத்தையே படியுங்கள்.

இரவில் விளக்கொளியில் மின்னும் இரண்டு கண்கள் ஆட்டுடையதாகவோ வளர்ப்பு நாயினுடையதாகவோ இருக்கலாம். தெர்மல் கருவி சூட்டைக் காட்டும். ஆனால் உருவத்துக்குப் பின்னால் மண்கரை இருக்கிறதா, வெட்டவெளியா என்பதை உறுதியாகக் காட்டாது. ஆகவே பகலிலேயே நடந்து பார்த்து, எந்த இடத்திலிருந்து எந்தத் திசையில் சுடலாம் என்று வரைபடத்தில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் போகுமுன் கால்நடைகளை எந்த வயலுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று விவசாயியிடம் கேட்டு, அந்தத் திசையை அன்றைக்கு வரைபடத்தில் அடித்துவிடுங்கள்.