ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்களிடம் உங்கள் தகவலைக் கேட்டு வாங்குவது எப்படி?

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய நாடாளுமன்றம் போன்ற ஒன்றியத்தின் சொந்த அலுவலகங்களுக்கு அது பொருந்தாது. அவற்றுக்கு 2018/1725 என்று தனி ஒழுங்குமுறை இருக்கிறது. மனுவில் போட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

முதலில் தகவல் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஷெங்கன் விசாவுக்காக பிரான்ஸ் தூதரகத்தில் கொடுத்த விவரங்களுக்கு பிரான்ஸ் அமைப்புகளிடம்தான் போக வேண்டும். ஆணையத்தின் 'ப்ளூ புக்' என்ற பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தீர்கள் என்றால் சரி, இது உங்களுக்கான வழி. ஐரோப்பியக் குடியுரிமை தேவையில்லை.

விண்ணப்பம் வாங்கிய பிரிவுக்கே மின்னஞ்சல் போடுங்கள், அந்த நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் ஒரு நகல். இப்படி ஓர் அதிகாரியை நியமிப்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கட்டாயம். நீட்டி முழக்க வேண்டாம்: "2018/1725 ஒழுங்குமுறையின் 17ஆம் பிரிவின்படி, என் பயிற்சி விண்ணப்பம் தொடர்பாக உங்களிடம் உள்ள என் தகவல்கள் அனைத்தின் நகலும், அவை யாருக்குத் தரப்பட்டன என்ற விவரமும் வேண்டும்." இவ்வளவு போதும். எடுத்த எடுப்பில் பாஸ்போர்ட் நகலை அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் யார் என்பதில் நியாயமான சந்தேகம் வந்தால்தான் அவர்கள் கூடுதல் ஆதாரம் கேட்கலாம்.

ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். சிக்கலான மனு என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதையும் முதல் மாதத்துக்குள்ளேயே காரணத்தோடு சொல்லியாக வேண்டும். அதனால் அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள்.

பதில் வரவில்லையா, மழுப்பலாக வந்ததா? அப்புறம் இந்த அலுவலகங்களைக் கண்காணிக்கும், பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளரிடம் புகார். கட்டணம் கிடையாது. ஐரோப்பிய நாடாளுமன்றமும், உறுப்பு நாட்டு அரசுகளின் அவையான கவுன்சிலும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்கு நியமிக்கும் பதவி இது, யாருடைய உத்தரவையும் அவர் கேட்கத் தேவையில்லை. பெயரளவுச் சுதந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள்: மைக்ரோசாஃப்ட் 365 மென்பொருளைப் பயன்படுத்திய விதத்தில் ஆணையமே விதிகளை மீறியது என்று 2024 மார்ச்சில் மேற்பார்வையாளர் முடிவு சொன்னார். அபராதம்தான் கொஞ்சம் சப்பென்று இருக்கும். ஒரு மீறலுக்கு அதிகபட்சம் 50,000 யூரோ. ஜிடிபிஆரில் தனியார் நிறுவனங்களுக்கு இது 2 கோடி யூரோ வரையிலும், சில நேரம் அதற்கு மேலும் போகும்.

மூன்று மாதமாகியும் மேற்பார்வையாளரிடமிருந்து தகவலே இல்லை என்றால், புகார் நிராகரிக்கப்பட்டதாகவே கணக்கு. பிறகு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்தான். இழப்பீடு கேட்டும் அங்கே போகலாம்: ஆணையத்தின் உள்நுழைவுப் பக்கத்தில் ஃபேஸ்புக் பொத்தானை அழுத்திய ஒரு ஜெர்மானியரின் ஐபி முகவரி (இணையத்தில் அவரது இணைப்பைக் காட்டும் எண்) ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்குப் போய்விட்டது. 2025 ஜனவரியில் அவருக்கு 400 யூரோ தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது.