அரிதான பையன் பேர்: அர்த்தம் நிஜமான்னும் எத்தனை பேருக்கு இருக்குன்னும் பார்க்கறது எப்படி ('அமோக்' பேரை வச்சு)

தம்பிக்கு பையன் பொறந்தான், கிருத்திகை முதல் பாதம், அதுக்கு எழுத்து 'அ'ன்னு ஜோசியர் சொல்லிட்டார், அவ்ளோதான், குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அர்ஜுன், அஸ்வின், அபினவ்னு கொட்ட ஆரம்பிச்சிட்டாங்க. தம்பி பொண்டாட்டி மட்டும் "கிளாஸ்ல இன்னொருத்தன் அதே பேர்ல இருக்கக்கூடாது, அர்த்தமும் இருக்கணும்"னு சொல்லிட்டு 'அமோக்'னு ஒரு பேர் அனுப்பினா. எங்க பெரியப்பா போட்ட பதில்: "என்னம்மா, அமோக விளைச்சலா?"

அந்த வாரம் முழுக்க இந்த ஒத்தப் பேரைத் தேடறதுதான் எனக்கு வேலையாப் போச்சு. அப்போ கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன், உங்க கைல வேற பேர் இருந்தாலும் வழி இதேதான்.

முதல்ல, குழந்தை பேர் சைட்டுகள்ல போட்டிருக்கற அர்த்தத்தை அப்படியே நம்பாதீங்க. ஒரு சைட்டைப் பார்த்து இன்னொன்னு காப்பி அடிக்குது, அதனால பத்து இடத்துல ஒரே அர்த்தம் இருக்குன்னா பத்து சாட்சி இருக்குன்னு ஆகாது, ஒரே சாட்சி பத்து தடவை பேசுதுன்னுதான் அர்த்தம். உதாரணத்துக்கு ரேயான்ஷ். 'சூரியனோட அம்சம்'னு போட்டிருப்பாங்க, ஆனா ரவியும் அம்சமும் சேர்ந்தா சம்ஸ்கிருத சந்திப்படி ரவ்யம்சம்னுதான் வரும், ரேயான்ஷ்னு வராது. சிவான்ஷ் அப்படியில்ல, சிவ + அம்ச = சிவாம்ச, கணக்கு சரியா வருது. ரேயான்ஷ்னு வைக்காதீங்கன்னு சொல்லல, கேக்க நல்லாத்தான் இருக்கு, அர்த்தத்துக்காக வைக்கறதா இருந்தா மட்டும் யோசிங்க.

சரி, அகராதிக்குப் போகலாம். இங்க தமிழ்க்காரங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு, நம்ம கிட்ட ஒரே 'க'தான், சம்ஸ்கிருதத்துல நாலு. அதனால தமிழ்ல எழுதின பேரைப் பார்த்து எந்த 'க'ன்னு தெரியாது. 'அமோகன்'னு எழுதிப் பாருங்க, 'மோகன்'க்கு எதிர்ப்பதம் மாதிரி இருக்கா? மோகம் இல்லாதவன்னே எங்க அத்தை அர்த்தம் சொல்லிட்டாங்க. இதுக்கு வீட்டுலயே வழி இருக்கு, பழைய ஸ்லோக புஸ்தகத்தை எடுங்க. அதுல எழுத்துக்குப் பக்கத்துல குட்டியா 2, 3, 4ன்னு நம்பர் போட்டிருப்பாங்கல்ல, சின்ன வயசுல அது எதுக்குன்னே தெரியாம படிச்சிருப்போம், அதுதான் எந்த 'க'ன்னு சொல்றது. விஷ்ணு சஹஸ்ரநாமத்துல தேடினா 'அமோக⁴:'ன்னு நாலாம் நம்பரோட இருக்கும். மோகத்துல வர்றது 'ஹ', இது நாலாவது 'க', ரெண்டும் வேற வேற சொல். அத்தை அவுட்.

எந்த எழுத்துன்னு தெரிஞ்சாச்சுன்னா மோனியர் வில்லியம்ஸ் அகராதில தேடலாம், 1899ல வந்த பதிப்பு, ஜெர்மனில கொலோன் யுனிவர்சிட்டி சைட்ல இலவசமா இருக்கு. தமிழ்ச் சொல்லா இருந்தா மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட தமிழ் லெக்சிகன், அதுவும் ஆன்லைன்ல கிடைக்குது. 'மோக⁴'ன்னா வீண், பலனில்லாததுன்னு வரும், முன்னாடி 'அ' சேர்ந்தா வீண்போகாததுன்னு ஆகிடும்.

அகராதியோட நிறுத்திடாதீங்க. இதுதான் நான் முக்கியமா நினைக்கறது: அந்தச் சொல்லை யாராவது ஒரு வாக்கியத்துல வச்சுப் பேசியிருக்காங்களான்னு தேடுங்க. கீதைல ஒன்பதாம் அத்தியாயம் 12ஆவது ஸ்லோகம், வீணான ஆசை, வீணான செயல், வீணான அறிவுன்னு மூணுக்கும் இதே 'மோக⁴'தான் போட்டிருக்கு. சஹஸ்ரநாமத்துல 'அமோக' ரெண்டு இடத்துல வருது, ஒண்ணு புண்டரீகாக்ஷனுக்கு முன்னாடி, இன்னொண்ணு உபேந்திரன், வாமனன்னு வர்ற வரில. ஆதிசங்கரர் உரைல, தன்னைப் பூஜிச்சாலும் துதிச்சாலும் நினைச்சாலும் அதை வீணாக்காம பலன் கொடுக்கறவர்ங்கற மாதிரி விளக்கம் இருக்கு. மகாபாரதத்துல இந்திரன் கர்ணனுக்குக் கொடுத்த சக்தி ஆயுதத்தையும் அமோகம்னுதான் சொல்லுவாங்க, குறி தப்பாதது, கடைசில அது கடோத்கசன் மேல போய் முடிஞ்சது. இவ்வளவு பார்த்ததும் தம்பி பொண்டாட்டிக்கு ஒரே சந்தோஷம், 'தப்பாதவன்'னு வச்சுக்கலாம்னுட்டா.

அடுத்தது மனுஷங்க யாருக்காவது இந்தப் பேர் இருந்திருக்கான்னு வரலாற்றுல பாருங்க. இதுல எனக்கு லக். ராஷ்டிரகூட ராஜா அமோகவர்ஷன், 9ஆம் நூற்றாண்டு, அறுபது வருஷத்துக்கும் மேல ஆண்டவர், தலைநகரம் மான்யகேடம், இப்போ கர்நாடகால கலபுரகி மாவட்டத்துல இருக்கற மல்கேட். அமோகவர்ஷன்னா வீண்போகாத மழை பொழியறவன்னு அர்த்தம் வருது, அப்போ பெரியப்பா சொன்ன விளைச்சல் ஒண்ணும் ரொம்ப தூரத்துல இல்ல! பௌத்தத்துலயும் ஐந்து தியானி புத்தர்கள்ல ஒருத்தர் அமோகசித்தி. ஒரு பேர் பல இடத்துல நடமாடியிருக்குன்னா அது நேத்து யாரோ ரூம்ல உக்காந்து ஒட்டவச்சது இல்லன்னு தெரிஞ்சுக்கலாம்.

தமிழ்க் காதுல எப்படி விழுதுன்னு கட்டாயம் பாருங்க. நசிகேதன்னு ஒரு அருமையான பேர், கடோபநிஷத்துல யமனையே கேள்வி கேட்ட பையன், ஆனா தமிழ்ல 'நசி'ன்னு ஆரம்பிச்சா நசிஞ்சு போறதுதான் ஞாபகம் வரும், பாவம். அமோகத்துக்கு அப்படி ஒண்ணும் இல்ல, அமோக வெற்றி, அமோக விளைச்சல், எல்லாமே நல்ல சேர்க்கை.

இப்போ பாப்புலாரிட்டி. நம்ம நாட்டுல வருஷா வருஷம் குழந்தைங்க பேரை எண்ணி அரசாங்கம் லிஸ்ட் போடற வழக்கம் கிடையாது. அதனால ஒரு சைட்ல 'இந்தியாவில் 2,000ஆவது இடம்'னு பார்த்தா அது பெரும்பாலும் அந்தப் பக்கத்தை எத்தனை பேர் கிளிக் பண்ணாங்கங்கற கணக்காத்தான் இருக்கும். வெளிநாட்டுல நிஜமான கணக்கு இருக்கு, அமெரிக்கால சோஷியல் செக்யூரிட்டி துறை 1880லேர்ந்து உள்ள பேரெல்லாம் வருஷவாரியா தருது, ஒரு வருஷத்துல அஞ்சு குழந்தைக்காவது வச்சிருந்தாதான் லிஸ்ட்ல வரும். இங்கிலாந்து, வேல்ஸ்க்கு மூணு குழந்தை இருந்தா போதும். ஆனா ஒண்ணு கவனிங்க, அங்க ஒவ்வொரு ஸ்பெல்லிங்கும் தனித்தனி பேராத்தான் எண்ணுவாங்க. கடைசில 'ஏ' போட்ட அமோகாவும் (Amogha) 'ஹெச்'ல முடியற அமோக்கும் (Amogh) வேற வேற வரி, அதனால ரெண்டையும் கூட்டிப் பார்க்கலேன்னா பேர் இருக்கறதை விட அரிதா தெரியும். அதோட அது அங்க பொறந்த பிள்ளைங்க கணக்கு, இங்கத்த நிலவரம் இல்ல.

இங்கத்த நிலவரத்துக்கு நான் கண்டுபிடிச்ச குறுக்கு வழி செஸ். சிரிக்காதீங்க. ஃபிடேங்கற உலக செஸ் கூட்டமைப்போட ரேட்டிங் சைட்ல பேர் போட்டுத் தேடலாம், நாடு இந்தியான்னு வச்சா ஒவ்வொரு ஆட்டக்காரர் பக்கத்துலயும் பொறந்த வருஷம் வரும். நம்ம ஊர்ல செஸ் கிளாஸ் போகாத பிள்ளை கொஞ்சம்தான், அரிதான பேர் தேடற வீட்டுப் பிள்ளைங்கதான் அங்கயும் அதிகம், அதனால உங்க பையனோட கிளாஸ்ல யார் உக்காருவாங்கன்னு ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். பார்க்க வேண்டியது மொத்தம் எத்தனை பேர்ங்கறதை இல்ல, எந்த வருஷத்துல பொறந்தவங்கங்கறதை. அம்பது வயசுக்காரங்க நாற்பது பேர் இருந்தா கவலையில்ல, அஞ்சு வயசுக்காரங்க நாலு பேர் இருந்தாதான் யோசிக்கணும். வாக்காளர் பட்டியல் இதுக்கு உதவாது, அதுல 18க்கு மேல இருக்கறவங்கதானே.

கூடவே லிங்க்ட்இன், பேஸ்புக்ல தேடி சர்நேமைப் பாருங்க. எனக்கு அமோக்னு வந்தவங்கள்ல நிறைய பேர் கர்நாடகா, மகாராஷ்டிரா பக்கத்துக்காரங்களாத்தான் தெரிஞ்சாங்க, தமிழ் இனிஷியலோட ரொம்பக் கம்மி. ஆக திருச்சில அரிது, பெங்களூர்ல அப்படிச் சொல்ல முடியாது. தம்பிக்கு வேலை பெங்களூர்ல! இதைச் சொன்னதும் குரூப்ல ரெண்டு நாள் அமைதி.

கடைசில வச்சது அமோகவர்ஷன், கூப்பிடறது அமோக். ஸ்பெல்லிங்குக்குத்தான் ஒரு வாரம் ஆச்சு. இதுல அவசரமே வேண்டாம், பேர் இல்லாமலே பிறப்பைப் பதிவு பண்ணலாம், 12 மாசத்துக்குள்ள பேரைக் கட்டணம் இல்லாம சேர்த்துக்கலாம், அதுக்கப்புறம்னா தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேர்க்கலாம். ஆனா 2023 அக்டோபர் 1லேர்ந்து பொறந்த பிள்ளைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பொறந்த தேதியைக் காட்ட பிறப்புச் சான்றிதழ்தான், அதுல விழற எழுத்துதான் எல்லா இடத்துக்கும் கூடவே வரும். அதனால தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பேப்பர்ல எழுதி, ஸ்பெல்லிங்கை மட்டும் பேர் தெரியாத ஒருத்தர் கிட்ட காட்டி வாசிக்கச் சொல்லுங்க. எங்க பக்கத்து வீட்டு அக்கா முதல் தடவை 'அமோஜ்'னு வாசிச்சாங்க.