மலையகத்து வாரத்தை ஒரு கொப்பியில் ஒழுங்குபடுத்துவது எப்படி? தொடங்குபவர்களுக்கான செய்முறை

நேர முகாமைத்துவம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும், தன் நேரத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளக்கூடிய ஒருவரை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டிய தாய்க்கும், ஹட்டனில் பஸ் ஏறி மஸ்கெலியாவில் கற்பிக்கச் செல்லும் ஆசிரியருக்கும், தங்கையைப் பார்த்துக்கொண்டே உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கும் அந்த அறிவுரைகள் பாதியளவே பொருந்தும். ஆகவே இந்தச் செய்முறை, செய்ய வேண்டிய வேலைகளை விட்டுவிட்டு, நம் கையில் இல்லாத நேரத்திலிருந்து தொடங்குகிறது. தேவையானவை ஓர் அப்பியாசக் கொப்பி, ஒரு பேனை, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்கள் குறித்த நாட்காட்டி, ஆவணங்களை வைக்க ஒரு கோப்பு ஆகியவையே. கைத்தொலைபேசியிலும் இதைச் செய்யலாம். ஆயினும் வீட்டிலுள்ள எவரும் எடுத்துப் பார்க்கலாம் என்பதாலும், சார்ஜ் தீர்ந்து அணைந்துபோகாது என்பதாலும் கொப்பியே மேலானது என்பது என் எண்ணம்.

படி 1: அசையாத நேரங்களைக் குறியுங்கள்

கொப்பியின் நடுவிலுள்ள இரண்டு பக்கங்களை விரித்து, ஏழு நாட்களுக்கும் ஏழு நிரல்கள் கீறுங்கள். பிரட்டு நேரம், பாடசாலை தொடங்கும் நேரமும் விடும் நேரமும், பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைத்து வர வேண்டிய நேரம், குழாயில் தண்ணீர் வரும் நேரம், டவுனிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் கடைசி பஸ் என, உங்களால் மாற்ற முடியாதவற்றை மட்டும் எழுதுங்கள். எஞ்சியிருக்கும் வெற்றிடங்களே உங்கள் நேரம். அது நினைத்ததைவிடக் குறைவாக இருக்கக் கண்டு சோர்வடைய வேண்டியதில்லை. இல்லாத நேரத்துக்குத் திட்டம் போடுவதைத் தவிர்க்கவே இந்தப் படி.

படி 2: மனத்தில் சுமப்பவற்றை எழுதி இறக்குங்கள்

முடிக்காத வேலை முடித்த வேலையைவிட நினைவில் நிற்கிறது என்று உளவியலாளர் புளூமா சைகார்னிக் 1927இல் எழுதினார். பின்னர் மசிகாம்போ, பௌமைஸ்டர் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய வேலையை எப்படிச் செய்வது என்று திட்டமிட்டாலே, வேலை முடியாவிட்டாலும் அது மனத்தைக் குடைவது குறைகிறது என்று காட்டியது. ஆகவே எழுதும்போது வினையையும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். “தம்பியின் அடையாள அட்டை” என்பது ஒரு கவலை மட்டுமே. “கிராம உத்தியோகத்தரைச் சந்தித்துத் தம்பியின் அடையாள அட்டைக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டல்” என்று எழுதினால்தான் அது வேலையாகிறது.

படி 3: வேலைகளை இடத்தின்படி பிரியுங்கள்

மலையகத்தில் அதிகப் பயன் தருவது இந்தப் படியே என்பதால் இதற்குச் சற்றுக் கூடுதலாக நேரம் கொடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே “வீடு”, “தோட்டம்”, “டவுன்”, “தொலைபேசி” என்ற நான்கில் ஒன்றைக் குறியுங்கள். இவற்றில் செலவு மிகுந்தது டவுன்தான். பஸ் கட்டணத்தோடு, தோட்டத்தில் வேலை செய்பவருக்கு ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய சம்பளமும், இல்லாமல் போகிறது. வங்கி, பிரதேச செயலகம், மருந்துக்கடை, பிள்ளையின் கொப்பி, பேனை எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடிக்கும்படி ஒரு டவுன் நாளை முன்கூட்டியே தெரிவு செய்யுங்கள். போயா நாளில் அரச அலுவலகங்களும் வங்கிகளும் மூடியிருக்கும் என்பதால் நாட்காட்டியைப் பார்க்காமல் நாளைக் குறிக்க வேண்டாம். நீங்கள் சந்திக்க வேண்டிய உத்தியோகத்தர் அன்று இருப்பாரா என்பதையும் முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

டவுன் நாளுக்குத் துணையாக இருப்பது ஆவணக் கோப்பு. பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகளின் பிரதிகள், கிளினிக் கொப்பி, பாடசாலை விடுகைப் பத்திரம், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை ஆளுக்கொரு உறையில் இடுங்கள். சம்பளச் சீட்டை எறிந்துவிடுகிறவர்கள் பலர். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 சதவீதம் உங்களிடமிருந்து கழிக்கப்படுகிறது, தொழில் வழங்குநர் 12 சதவீதம் செலுத்த வேண்டும். பிற்காலத்தில் கணக்குப் பார்க்கையில் கையில் ஆதாரமாக இருப்பது அந்தச் சீட்டுத்தான். உறையின் மேல், ஒவ்வோர் ஆவணத்திலும் பெயர் எப்படி எழுதப்பட்டுள்ளது என்பதையும் குறித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருப்பது நம் பகுதியில் புதிதல்ல. அது விண்ணப்பம் கொடுக்கும் யன்னலருகில் தெரிய வருவதைவிட வீட்டிலேயே தெரிய வருவது நல்லது.

படி 4: கால அளவைக் கூட்டிப் போடுங்கள்

மனிதர்கள் தம் வேலைக்கு எடுக்கும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் கானமன், டிவேர்ஸ்கி ஆகியோர் 1979இல் சுட்டிக்காட்டினர். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் போதும் என்று கருதிய மாணவர்களுக்கு உண்மையில் 55 நாட்களுக்கும் மேல் தேவைப்பட்டது. நமக்கோ மழையும் சேர்கிறது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பசறை பக்கத்தில் ஆண்டின் கடைசி மாதங்களில் தொடங்கும் மழை பெப்ரவரி வரைகூட நீடிக்கும். அந்த மாதங்களில் டவுன் வேலைக்கு ஒரு மாற்று நாளையும் சேர்த்தே எழுதுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

படி 5: நாளொன்றுக்கு மூன்று வேலைகள்

இரவு படுக்குமுன், மறுநாள் வெற்றிடங்களில் செய்ய மூன்று வேலைகளை மட்டும் எழுதுங்கள். மணியைக் குறிப்பதைவிட, ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு கட்டிவிடுவது எளிது: “சாமி விளக்கு ஏற்றியதும் கணக்குப் பாடம்” என்பது போல. “இது நடந்தால் இதைச் செய்வேன்” என்று முடிவெடுத்தவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விளக்கியுள்ளார். படிக்கும் பிள்ளைகள், பிரான்செஸ்கோ சிரில்லோ உருவாக்கிய முறைப்படி 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வெடுக்கலாம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அடுத்த காம்பராவின் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு மணி நேரம் உட்கார்வதைவிட இது நடக்கக்கூடிய காரியம்.

படி 6: ஞாயிறு மாலையில் பாருங்கள்

சந்தைக்குப் போய் வந்து, துணி துவைத்து முடித்த பின் கால் மணி நேரம் போதும். முடிந்தவற்றை வெட்டிவிட்டு, எஞ்சியவற்றுக்கு எதிரே யார் செய்வது என்று பெயர் எழுதுங்கள். எல்லா வரிகளிலும் அம்மாவின் பெயரே வந்தால், குறை திட்டத்தில் இல்லை, வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. கொழுந்து பறித்து எடை போட்டுவிட்டு வந்து சமையலும் முடிப்பவருக்கு எந்தக் கொப்பியும் நேரம் உண்டாக்கித் தராது. தண்ணீர் பிடிப்பதையும் பிள்ளையை அழைத்து வருவதையும் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ மாற்றி எழுதி, அதை அவர்கள் முன்னிலையிலேயே வாசியுங்கள். மூன்று ஞாயிறுகளாகத் தள்ளிப்போகும் வேலையை, ஒன்று அடுத்த டவுன் நாளின் முதல் வரியில் எழுதுங்கள், அல்லது வெட்டிவிடுங்கள்.