ஸ்கூல் விட்டு வந்ததும் இம்ப்ளான்ட் குழந்தைகிட்ட கேள்வி கேக்காதீங்க

நம்ம காதுல சத்தத்த நரம்புக்கு அனுப்புற சுமார் 3,500 உள் மயிர் செல் பாக்குற வேலைய காக்ளியர் இம்ப்ளான்ட்ல (காது கேக்காதவங்களுக்கு ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்குற கருவி) கம்பெனிய பொறுத்து 12, 16, 22 எலக்ட்ரோடு (நரம்ப தூண்டுற மின்முனை) தான் பாக்குது, மிச்சத்த மூளை யூகிச்சு நிரப்பணும், அதுல களைச்சு போய்தான் சாயங்காலம் புள்ள எரிஞ்சு விழுது, அடம்னு திட்டாதீங்க. கொஞ்ச நேரம் பேச்சில்லாம டிராயிங், பசில்னு விடுங்க (காதுக்கு வெளிய மாட்டுற ப்ராசசர கழட்ட சொல்லல!). அப்புறம் டிவி, மிக்ஸிய நிறுத்திட்டு பக்கத்துல உக்காந்து முகம் தெரியுற மாதிரி பேசுங்க, புரியலன்னா கத்தாம வேற வார்த்தைல சொல்லுங்க. கிளாஸ்ல சத்தம் போடுற ஃபேனுக்கு அடியில, ரோட்டோர ஜன்னல் பக்கம் உக்கார வைக்க வேணாம்னு மிஸ்கிட்ட சொல்லிடுங்க, முடிஞ்சா மிஸ் பேசுறத நேரா ப்ராசசருக்கு அனுப்புற ரிமோட் மைக் பத்தி ஆடியாலஜிஸ்ட்ட (செவித்திறன் நிபுணர்) கேளுங்க. முக்கியமா, "புரிஞ்சுதா?"ன்னா எல்லாத்துக்கும் தலையாட்டிடும், "மிஸ் என்ன கொண்டு வர சொன்னாங்க?"னு கேட்டாதான் எது காதுல விழல்லனு தெரியும்.