கிறப்லொக்ற்றைக் களமிறக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாசையூரிலோ குருநகரிலோ மீன் சந்தைக்குப் போய்வந்து பழகிய பிள்ளைக்குப் பேய்க்கணவாய் என்றால் என்னவென்று எவரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் போக்கிமொன் விளையாட்டில் அதே உருவில் வரும் கிறப்லொக்ற்றைக் கையாளும்போது, கண்ணுக்குப் பழகிய இந்த உருவமே ஆட்டக்காரரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கின்றது. கடலில் வாழ்வதாலும் பேய்க்கணவாயின் தோற்றத்தில் இருப்பதாலும் இது நீர் வகையாகத்தான் (எந்தத் தாக்குதல் எவ்வளவு பாதிக்கும் என்பதைத் தீர்மானிப்பது இந்த வகைதான்) இருக்கும் என்று எண்ணி, அந்த எண்ணத்தின்மீதே முழு அணியையும் கட்டிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இவ்விளையாட்டை ஆடுவோர், வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த சுவிட்ச் கருவியில் ஆடினாலும் சரி, பழைய மடிக்கணினியின் உலாவியில் ‘ஷோடவுன்’ தளத்தைத் திறந்து ஆடினாலும் சரி, முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

2019 நவம்பர் 15ஆம் திகதி வெளியான ‘சோர்ட்’, ‘ஷீல்ட்’ ஆகிய விளையாட்டுகளில் அறிமுகமான கிறப்லொக்ற், போக்கிமொன் பட்டியலில் 853ஆம் இலக்கத்தைக் கொண்ட, சண்டை வகையை மட்டுமே உடைய ஓர் உயிரி. தன் திறனைச் சோதித்துப் பார்க்க எதிரியைத் தேடிக் கரையேறி, சண்டை முடிந்ததும் கடலுக்குத் திரும்பிவிடும் மல்யுத்த வீரனாகவே விளையாட்டு அதனை வருணிக்கின்றது. ஆகவே மின் வகைத் தாக்குதலுக்கோ புல் வகைத் தாக்குதலுக்கோ அது அஞ்ச வேண்டியதில்லை; பறக்கும் வகை, உளவலு வகை, தேவதை வகை ஆகிய மூன்றுமே அதற்கு இரட்டிப்புச் சேதம் விளைவிப்பவை. நெருப்பை நீர் அணைக்கும் என்று நம்பிச் சாரிசாட்டின் முன் இதனை நிறுத்துவது பெரும் பிழை. சாரிசாட் நெருப்போடு பறக்கும் வகையையும் சேர்த்துக் கொண்டது என்பதால், அதன் பறக்கும் தாக்குதல் கிறப்லொக்ற்றை இரண்டு மடங்காகத் தாக்கும். கிறப்லொக்ற்றின் சண்டை வகை அடியோ அதன்மீது பாதியாகத்தான் விழும். மழைக் காலநிலையை உருவாக்கும் அணியில் இதனைச் சேர்ப்பதாலும் சிறப்பான பயன் ஏதும் இல்லை. நீர் வகை ஒக்ரோபஸ்தான் வேண்டுமென்றால், 1999இல் வெளியான ‘கோல்ட்’, ‘சில்வர்’ விளையாட்டுகளிலிருந்தே இருந்துவரும் ஒக்ரிலெரியைத் தேர்ந்தெடுக்கலாம்.

வகையைச் சரியாக அறிந்தவர்களும் அடுத்து வேகத்தில் தவறுகிறார்கள். கிறப்லொக்ற்றின் தாக்குதல் அடிப்படை மதிப்பு 118. பார்த்தவுடனேயே ஆசை வரும் எண் அது. ஆனால் வேகத்தின் அடிப்படை மதிப்பு வெறும் 42. வேகம் குறைவாக இருப்பதைக் குறையாகக் கருதி, பண்புகளை வளர்க்க ஆட்டக்காரர் பகிர்ந்தளிக்கும் முயற்சிப் புள்ளிகளில் ஒரு பண்புக்கு இடக்கூடிய 252ஐயும் வேகத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள். அதனால் கிடைப்பது என்ன? 50ஆம் மட்டத்தில், வேகத்தைக் கூட்டாத குணத்தோடு, அதன் வேகம் 94 ஆகும். அடிப்படை வேகம் 80 உள்ள ஒரு போக்கிமொன், ஒரு புள்ளிகூடச் செலவிடாமலேயே 100ஐத் தொட்டுவிடுகின்றது. செலவிட்ட புள்ளிகள் வீணாகின்றன என்பதோடு, உயிர்நிலையிலும் பாதுகாப்பிலும் சேர்ந்திருக்க வேண்டிய வலுவும் கிடைக்காமற் போகின்றது. அது மெதுவாகவே இருக்கட்டும். தாக்குப்பிடிக்கும் உடல் மட்டுமே அதற்குத் தேவை.

ஏனெனில் கிறப்லொக்ற்றின் உண்மையான வலிமை ஒரே அடியில் வீழ்த்துவதில் இல்லை; அது ஒக்ரோலொக் என்ற உத்தியில் இருக்கின்றது. இந்தப் பிடியில் சிக்கிய எதிரி வழமையான முறையில் களத்தை விட்டு மாற முடியாது என்பதோடு, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அதன் பாதுகாப்பும் சிறப்புப் பாதுகாப்பும் ஒவ்வொரு படி இறங்கிக்கொண்டே போகும். முதற்சுற்றின் முடிவில் மூன்றில் இரண்டு பங்காகவும், இரண்டாம் சுற்றின் முடிவில் பாதியாகவும், மூன்றாம் சுற்றின் முடிவில் ஐந்தில் இரண்டு பங்காகவும் அவை குறைந்துவிடும். அதாவது, இரண்டு சுற்றுகள் பொறுத்திருந்தால் நீங்கள் அடிக்கும் அதே அடி ஏறக்குறைய இரட்டிப்பாக விழும். வடமராட்சிக் கரையில் கரைவலை இழுப்பவர்கள் மடி கரைசேரும்வரை கயிற்றை விடுவதில்லை. ஒக்ரோலொக்கும் அப்படிப்பட்ட பொறுமையைக் கேட்கும் வேலைதான். பிடியைப் போட்டபின் ஓர் அடி பலமாக விழுந்ததும் பதறிக் கிறப்லொக்ற்றை உள்ளே அழைத்துக்கொண்டால், பிடி அந்தக் கணமே விடுபட்டு எதிரி நினைத்த நேரத்தில் மாறிக்கொள்ளும் உரிமையைத் திரும்பப் பெற்றுவிடும். நான் பார்த்த ஆட்டங்களில் அதிகமாக நேரும் தவறு இதுவே. பிடியில் வைத்திருக்கும் காலத்தில் ட்றெயின் பஞ்ச் என்ற உத்தியைப் பயன்படுத்தினால், விளைவித்த சேதத்தில் பாதி உயிர்நிலையாகத் திரும்பிவரும். எதிரியின் பாதுகாப்பு இறங்க இறங்க அந்த வரவும் கூடும். பிடியும் இந்த அடியும் ஒன்றுக்காகவே மற்றொன்று செய்யப்பட்டவை போல இணைந்து இயங்குவதைப் பார்ப்பது உண்மையிலேயே மகிழ்ச்சி தரும்.

எனினும், இந்தப் பிடிக்கு அகப்படாதவையும் உண்டு. பேய் வகைப் போக்கிமொன்கள்மீது ஒக்ரோலொக் பலிக்காது. சண்டை வகை அடிகளும் அவற்றின்மேல் படுவதில்லை. எதிரணியில் கெங்கார் போன்ற பேய் வகை ஒன்று இன்னும் வெளிவராமல் காத்திருக்கின்றது என்று தெரிந்தும், வேறு வகை அடி ஒன்றைக்கூட வைத்திருக்காமல் கிறப்லொக்ற்றை நம்பியிருப்பது அணியின் ஓர் இடத்தை வெறுமையாக விடுவதற்குச் சமம். யூ-ரேர்ண் போன்ற, அடித்துவிட்டு மாறிச்செல்லும் உத்திகளைக் கொண்டவையும் பிடியிலிருந்து நழுவிவிடும். ஆகவே யாரைப் பிடிக்கிறோம் என்பதைப் பார்த்தபின்னரே பிடியைப் போட வேண்டும்.

கிறப்லொக்ற் தன்னோடு வைத்திருக்கக் கொடுக்கும் பொருளிலும் கவனம் வேண்டும். தாக்குதலைக் கூட்டுகின்றது என்பதற்காகச் சொய்ஸ் பாண்டைக் கொடுத்தால், முதலில் ஒக்ரோலொக்கைப் பயன்படுத்திய கையோடு வேறெந்த உத்தியையும் தெரிவுசெய்ய முடியாமல் முடங்கிப்போவீர்கள். அசோல்ற் வெஸ்ற் என்ற பொருளோ தாக்குதல் அல்லாத உத்திகளையே தடுத்துவிடும் என்பதால், ஒக்ரோலொக் அங்கே இருந்தும் இல்லாததே.

போக்கிமொன் ஒவ்வொன்றிலும் தானாகவே செயற்படும் சிறப்புத் திறனான இயல்பைத் தெரிவுசெய்வதில் நேரும் தவறு சற்று நுட்பமானது. மறைவான இயல்பு கிடைத்தால் அதுவே சிறந்தது என்ற எண்ணத்தில் ரெக்னீசியனைத் தேடி அலைகிறார்கள். அந்த இயல்பு, வலு 60 அல்லது அதற்குக் குறைந்த உத்திகளை மட்டுமே ஒன்றரை மடங்காக்கும். ட்றெயின் பஞ்சின் வலு 75 ஆகையால் அதற்கு ஒரு பயனும் இல்லை. 40 வலுவுள்ள றொக் ஸ்மாஷ் ஒன்றரை மடங்காகி 60ஐ அடைந்தாலும் ட்றெயின் பஞ்சை எட்டாது. முடக்குவாதம் பிடிக்காமல் காக்கும் லிம்பர் என்ற சாதாரண இயல்பே பல அணிகளுக்குப் போதுமானது. வாதம் பிடித்த போக்கிமொன் சில சுற்றுகளில் அசையவே முடியாமற்போகும் என்பதால், பிடியை நீடிக்க வேண்டிய ஒன்றுக்கு அது சிறிய உதவியன்று.

போக்கிமொனைச் சில சுற்றுகளுக்குப் பெரிதாக்கும் டைனமக்ஸ் வசதி உள்ள ஆட்டங்களில் கிறப்லொக்ற்றைப் பெருவடிவாக்குவதற்கு முன் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள்: பெருவடிவில் இருக்கும் மூன்று சுற்றுகளிலும் தாக்குதல் அல்லாத உத்திகள் எல்லாம் தற்காப்பு உத்தியாக மாறிவிடும், ஆகவே ஒக்ரோலொக்கைப் போட முடியாது.

கிறப்லொக்ற்றாக வளரும் முன்வடிவமான குளொபொபஸை இன்னும் வைத்திருப்பவர்கள், அது குறித்த மட்டத்தை அடைந்ததும் தானாகவே வளர்ந்துவிடும் என்று காத்திருக்கிறார்கள். எதிரியைச் சீண்டும் ரோன்ற் என்ற உத்தியை அறிந்த நிலையில் மட்டம் உயர்ந்தால் மட்டுமே அது கிறப்லொக்ற்றாக மாறும். 35ஆம் மட்டத்தில் அந்த உத்தியைக் கற்க முன்வரும்போது, பலவீனமானதாகத் தோன்றுகின்றது என்று மறுத்துவிட்டவர்களே பின்னர் 50ஆம் மட்டத்திலும் அதே சிறிய குளொபொபஸோடு நிற்கிறார்கள். விளையாட்டினுள் வரும் போக்கிமொன் சென்ரரின் இடப்பக்கக் கருமபீடத்தில் நிற்பவரிடம் கேட்டால், மறந்த உத்தியைக் கட்டணமின்றி மீண்டும் கற்பித்துத் தருவார். அதன்பின் ஒரு மட்டம் உயர்த்தினால் போதும். வளர்ந்து முடிந்ததும் ரோன்ற்றை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ட்றெயின் பஞ்சை வையுங்கள்.