டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இயல்பாக அதிகரிக்க, பயிற்சியை எப்படி அமைப்பது?

ஆறு மாதம் ஜிம்முக்குப் போயும் என் சோர்வு குறையவில்லை. காரணம் பிடிபட்ட பிறகு எழுதுகிறேன். ஸ்குவாட், டெட்லிஃப்ட் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1. பெரிய தசைகளுக்கு வேலை கொடுங்கள். கைக்கு மட்டும் டம்பெல் தூக்கினால் ஹார்மோன் பெரிதாக அசையாது. மூன்று நான்கு செட், செட்டுக்கு 8 முதல் 10 முறை. செட்டின் கடைசி இரண்டு முறையில் தொடை நடுங்க வேண்டும், முதுகு வளையக் கூடாது. மெஷினைவிட பார்பெல்தான் என் தேர்வு. கால், இடுப்பு, முதுகு மூன்றும் சேர்ந்து உழைக்கும்.

படி 2. செட்டுக்கு நடுவே ஒன்றரை நிமிட ஓய்வு போதும்.

படி 3. பயிற்சிக்கு நடுவே ஓய்வு நாள் விடப் பழகுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். பயிற்சி முடிந்ததும் டெஸ்டோஸ்டிரோன் ஏறுவது உண்மை. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழைய அளவுக்கே இறங்கிவிடும். அந்த ஏற்றத்திலும் ஒரு பங்கு, ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதால் வருவது. இது தெரியாமல் வாரம் ஆறு நாள் பயிற்சி, ஐந்து மணி நேரத் தூக்கம், அரை வயிற்றுச் சாப்பாடு என்று இருந்தேன். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி சமிக்ஞை அனுப்பினால்தான், அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். (லூட்டினைசிங் ஹார்மோன்) சுரக்கும். எல்.எச். வந்தால்தான் விரைகள் டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்கும். சாப்பாடும் தூக்கமும் பற்றாவிட்டால் அந்தச் சமிக்ஞையே மங்கிவிடும். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் 10 இளைஞர்களை ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரமே தூங்கவிட்டார்கள். அவர்களின் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. நான் பயிற்சியை வாரம் மூன்று நாளாக்கி, எட்டு மணி நேரம் தூங்கத் தொடங்கிய பிறகே உடம்பு தெளிந்தது.

படி 4. டெஸ்டோஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில். நான் முதல் தடவை மாலையில், பயிற்சி முடித்த கையோடு ரத்தம் கொடுத்தேன். அந்த எண் எதற்கும் உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அளவு குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையிலும் எடுத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை: தொப்பை உள்ளவர்கள் கேட்டிருந்தீர்கள். கொழுப்பிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். எடை குறைந்தால் அளவு ஏறும், அந்த ஏற்றம் ஒரு மணி நேரத்தில் இறங்காது.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டே இந்தப் பயிற்சியைச் செய்யலாமா என்றும் ஒருவர் கேட்டார். டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து வந்தால் மூளை எல்.எச்.-ஐக் குறைத்துவிடும், விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். ஏற்கெனவே போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல், முதலில் ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள்.