இரவு கோச்சியில் இரண்டு பிள்ளைகளோடு: கோட்டையில் ஏறி அப்புத்தளையில் இறங்குவது எப்படி

வேலை கொழும்பில், ஊர் மலையில் என்று இருப்பவர்களுக்குத் தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து பதுளைக்குப் போகும் இரவு மெயில் கோச்சிதான் (ரயில்தான்) கதி. தனியாளாகப் போன காலத்தில் ஜன்னலோரம் தலையைச் சாய்த்தால், விடியும்போது ஊர் வந்துவிடும். எட்டு மாத மகளையும் இரண்டரை வயது மகனையும் கூட்டிக்கொண்டு போன முதல் தடவைதான் இது எவ்வளவு நீளமான பாதை என்று உறைத்தது.

பதுளைப் பாதையில் தூரத்தைவிடக் குளிர்தான் ஆளை மாட்டிவிடும். கோட்டையில் வேர்த்துக் கொட்ட ஏறுகிறோம். அதே இரவில் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொலவைத் தாண்டுகிறோம். இலங்கையிலேயே உயரமான ஸ்டேஷன் அதுதான். அதனால் கடிகாரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், வண்டி பிந்தும். ஸ்டேஷன் பெயர்களை வைத்துப் போடுங்கள்.

படி 1: டிக்கட்

முதலில் வண்டி எதுவரை போகிறது என்று கேளுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டுப் பாதையைச் சிதைத்துப் போட்ட பிறகு, கேட்காமல் கிளம்புவது சரிவராது. சாதாரண மழைக்காலத்திலும் மண்சரிந்து பாதை அடைபடுவது நமக்குப் புதிதல்ல.

சீட்டை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். பண்டிகைக் காலத்தில் பதிவு திறந்த அன்றே ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கும். முதலாம் வகுப்பில் இரண்டு பேர் படுக்கும் அறை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுக்கலாம், பம்பர்ஸ் மாற்றலாம். கிடைக்காவிட்டால் பெட்டியின் நடுவில் சீட் கேளுங்கள். கதவுப் பக்கம் காற்று, கழிவறைப் பக்கம் நாற்றம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டிக்கட் தேவையில்லை. அதற்காக "மடியிலேயே இருப்பான்" என்று நம்பிவிடாதீர்கள். முடிந்தால் அவனுக்கும் ஒரு சீட் எடுங்கள்.

படி 2: பை கட்டுவது

இங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். ஸ்வெட்டர், மேஸ் (காலுறை), தொப்பி எல்லாவற்றையும் பெரிய பேக்கின் அடியில் மடித்து வைத்து, அதை மேல் தட்டில் ஏற்றிவிட்டோம். நானுஓயா வரும்போது மகனுக்குப் பல் கிட்டியது. இருட்டில் கணவர் சீட்டின் மேல் ஏறி நின்று பேக்கை இழுக்க, பால்மா டின் கீழே விழுந்து உருண்டு, மூன்று சீட் தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தவரின் காலில் போய் நின்றது. எதிரே இருந்த ஒரு அம்மாயி ஒன்றும் பேசாமல் தன் சால்வையை எடுத்து மகனைச் சுற்றிவிட்டார். "மலைக்கு வாறீங்க, கம்பளிய மேலயா வைப்பாங்க புள்ள?" என்று அப்புறம்தான் கேட்டார்.

அதனால் இப்போது எங்களிடம் மூன்று பை.

ஊரில் போய்த் திறக்கும் பெரிய பேக் மேலே போகட்டும். குளிர்ப் பை காலடியில் இருக்க வேண்டும். அதில் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், இரண்டு சோடி மேஸ், காதை மூடும் தொப்பி, ஒரு கம்பளி. மூன்றாவது கைப் பை: பால், சாப்பாடு, பம்பர்ஸ். பம்பர்ஸை மொத்தமாக அடைக்காமல், ஒரு பம்பர்ஸ், நாலைந்து வைப்ஸ், ஒரு மாற்று உடுப்பு என்று சின்னச் சின்ன பொலித்தீன் பைகளாகக் கட்டுங்கள். பாதித் தூக்கத்தில் கையை விட்டு ஒன்றை எடுத்தால் போதும். அழுக்கானதும் அதே பைக்குள் போகும். ஜன்னலால் வீசாதீர்கள், பாதையோரம் இருப்பது தோட்டத்தில் வேலை செய்யும் நம் ஆட்களின் லயம் (வரிசை வீடுகள்).

புட்டிப்பால் குடிக்கும் பிள்ளை என்றால் கொதித்த தண்ணீரைப் பிளாஸ்க்கில் ஊற்றுங்கள். பால்மாவை ஒவ்வொரு வேளைக்கும் அளந்து காய்ந்த டப்பாக்களில் தனித்தனியாக வையுங்கள். குடிக்கும் நேரத்தில் கரைத்து, ஆறவிட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

படி 3: கோட்டையிலிருந்து ரம்புக்கணை வரை

இது சமவெளி. வண்டி ஓரளவு நேராக ஓடும். சாப்பாடு, பால், பம்பர்ஸ், கதை எல்லாவற்றையும் இதற்குள் முடித்துவிடுங்கள். பெரியவனுக்கு ரொட்டியும் வாழைப்பழமும் போதும். வடைக்காரர் வரும்போது கை நீட்டுவான், ஒரு துண்டோடு நிறுத்துங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட பிள்ளை வளைவுகளில் வாந்தி எடுக்கும்.

மேல் தட்டில் சீலையைக் கட்டித் தொட்டில் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். கடுகண்ணாவை ஏற்றத்துக்கு அப்புறம் பெட்டி ஆடுகிற ஆட்டத்தில் தொட்டில் பக்கத்துக் கம்பியில் போய் இடிக்கும். கைப்பிள்ளையை வைத்திருப்பவர் விழித்திருக்க வேண்டும். நாங்கள் முறை வைத்துத் தூங்குகிறோம்: கம்பளை வரை அவர், அங்கிருந்து ஹட்டன் வரை நான்.

படி 4: நாவலப்பிட்டி

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இது அதுவாக இருக்கட்டும். நாவலப்பிட்டியில் வண்டி நிற்கும்போதே குளிர்ப் பையைத் திறந்துவிடுங்கள். குளிர் இன்னும் வந்திருக்காது, "இப்பவே எதுக்கு?" என்று கூட இருப்பவர் கேட்பார். காதில் வாங்காதீர்கள். தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் மேஸ் போட இதுதான் நேரம். முதலில் கால், அப்புறம் தொப்பி, கடைசியில் ஸ்வெட்டர். கை நுழைக்கும்போதுதான் பிள்ளை விழிக்கும், அதனால் முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டராக வாங்குங்கள். ஜன்னலையும் இறக்கிச் சாத்திவிடுங்கள்.

ஒரேயடியாகப் போர்த்தி மூடவும் வேண்டாம். பிடரியில் கையை வைத்துப் பாருங்கள். வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். உள்ளங்கை சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கைப்பிள்ளையின் முகத்தில் கம்பளி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சளிக்கு என்று விக்ஸ் தேய்ப்பது இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

படி 5: ஹட்டனுக்கு மேலே

ஹட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். ஜன்னல் திறந்திருந்தால் எஞ்சின் புகை உள்ளே வந்துவிடும். யாராவது "ஹூ" என்று கத்தினால் பெரியவன் எழுந்து தானும் கத்துவான். அது அவன் உரிமை, விட்டுவிடுங்கள். ஆனால் விழித்த பிள்ளை கதவுப் பக்கம் ஓடும், அங்கே கதவு திறந்தே கிடக்கும். நடக்கவேண்டும் என்று அடம் பிடித்தால் கையைப் பிடித்துப் பெட்டிக்குள்ளேயே நடக்கவிடுங்கள்.

படி 6: இறங்குவது

ஒஹியவில் பைகளைக் கட்டத் தொடங்குங்கள். அடுத்தது இதல்கஸ்ஹின்ன, அதற்கடுத்தது அப்புத்தளை. வண்டி அதிக நேரம் நிற்காது, பிளாட்பாரத்துக்கும் படிக்கும் இடையில் இடைவெளியும் உண்டு. முதலில் ஒருவர் வெறுங்கையோடு இறங்கட்டும். மற்றவர் மேலே நின்று பெரியவனைக் கொடுத்து, பிறகு கைப்பிள்ளையைக் கொடுத்து, கடைசியில் பைகளைக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் "அண்ணே, இந்தப் பேக்க மட்டும் குடுங்க" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

வெயில் அடிக்கிறதே என்று தொப்பியைக் கழற்றிவிடாதீர்கள். பிளாட்பாரத்தில் காற்று ஊசி மாதிரி குத்தும். தேத்தண்ணி வீட்டில் போய்க் குடிக்கலாம்.